சிறுகோளுக்குப் பெயர் வைப்பது யார்?

ஏசியா, சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா. இவை ஐந்தும் ஞாயிற்றைச் சுற்றி வரும் சிறுகோள்களின் பெயர்கள். இந்த ஐந்தையும் முதன்முதலில் கண்ட இடம் எது தெரியுமா? பாரிசு நகரமா? இலண்டன் மாநகரமா? இரண்டுமில்லை. சென்னை நுங்கம்பாக்கம்!

இச்செய்தியை நம் மன்றத்து நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் முதலில் ஒரு மகிழ்ச்சிக் குரல் எழுகிறது. அடுத்த நொடியே ஒரு வினாவும் எழுகிறது. “நம் மண்ணிலே கண்டவை என்கிறாய், ஒன்றுக்கேனும் தமிழ்ப் பெயர் இல்லையே, ஏன்?” என்று கேட்கிறார்கள். நியாயமான வினாதான். ஆனால் இதற்கு ஒரே சொல்லில் விடையிறுக்க இயலாது. சிறுகோள் என்பது யாது, அதைக் கண்டுபிடிப்பது எங்ஙனம், அதற்குப் பெயரிடும் உரிமை யாருடையது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் விடை தானே விளங்கும். காரியவட்டத்தில் இயற்பியல் முதுகலை பயிலும் மாணவன் என்ற முறையில், நான் படித்து அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

சிறுகோள் என்பது யாது?

ஞாயிற்றிலிருந்து வரிசையாக எண்ணினால் நான்காவது கோள் செவ்வாய், ஐந்தாவது வியாழன். இவ்விரண்டுக்கும் நடுவே மிகப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. அங்கே ஒரு கோள் இருக்கவேண்டுமே என்று பதினெட்டாம் நூற்றாண்டின் வானியலார் ஐயுற்றுத் தேடினர். 1801ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் கியூசெப்பே பியாட்சி என்ற துறவி ஒரு புள்ளியைக் கண்டார். அதுதான் சீரிசு. அடுத்த ஆறாண்டுகளுக்குள் பல்லாசு, ஜூனோ, வெசுட்டா என்று மேலும் மூன்று அகப்பட்டன. ஒரு கோள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கூட்டமே இருந்தது! அந்தக் கூட்டத்தைத்தான் இன்று சிறுகோள் பட்டை என்கிறோம். சீரிசு மட்டும் 2006ஆம் ஆண்டு முதல் குறுங்கோள் என்ற வகையிலும் சேர்க்கப்பட்டுள்ளது.

இங்கே திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு ஒரு சுவையான செய்தி. மலையாள நண்பர்கள் சிறுகோளைக் குறிக்க வழங்கும் சொல் நம் காதில் “சின்ன கிரகம்” என்றே விழும். “அட, தமிழ்ச்சொல்லாயிற்றே!” என்று தோன்றும். ஆனால் அச்சொல்லின் முற்பகுதி வடமொழி. உடைந்தது, துண்டுபட்டது என்பது அதன் பொருள். நாம் அளவைப் பார்த்துச் ‘சிறுகோள்’ என்றோம். அவர்கள் பிறப்பை எண்ணி ‘உடைந்த கோள்’ என்றார்கள். எது சரி?

ஒரு பெருங்கோள் வெடித்துச் சிதறியதால் இவை உண்டாயின என்றுதான் முதலில் சிலர் கருதினர். இன்றைய முடிவு வேறு. வியாழனின் பேரீர்ப்பு அலைக்கழித்ததால் அவ்விடத்தில் ஒரு முழுக்கோள் திரளவே இயலவில்லை. பட்டையிலுள்ள அத்தனை சிறுகோள்களையும் அள்ளித் திரட்டி ஒரே உருண்டையாகப் பிடித்தாலும், அதன் நிறை நம் நிலவின் நிறையில் நூற்றுக்கு நான்கு பங்கைக்கூட எட்டாது. ஆயினும் ‘உடைந்தது’ என்ற சொல்லும் முற்றிலும் பொய்யாகாது. சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்து, ஒரே குடும்பத்துத் துண்டுகளாகச் சுற்றி வருவதை 1918ஆம் ஆண்டு சப்பானிய அறிஞர் ஹிராயாமா எடுத்துக்காட்டினார். ஆகவே இரு மொழிச் சொற்களிலும் உண்மை இருக்கிறது.

நுங்கம்பாக்கத்து இரவுகள்

சென்னை வான்நோக்ககம் 1792ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. கடலில் கப்பல் செலுத்தவும் நிலத்தை அளந்து படம் வரையவும் கும்பினியாருக்கு வானியல் வேண்டியிருந்தது. அதுவே அதன் தொடக்கம். அக்காலத்துக் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. சென்னை செல்லும் நண்பர்கள் பார்க்கவேண்டிய தூண் அது.

அந்த வான்நோக்ககத்துக்கு 1861ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தலைவராக வந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன் என்ற ஆங்கிலேயர். ஆக்சுபோர்டில் இருந்தபோதே மூன்று சிறுகோள்களைக் கண்டவர். சென்னைக்கு வந்து சில திங்கள்கூட ஆகவில்லை. ஏப்ரல் 17ஆம் நாள் இரவு ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதற் சிறுகோள் அது. வரிசையில் 67ஆவது. கிரேக்கப் பழங்கதையில் வரும் ஒரு பெண்ணின் பெயரும், நம் கண்டத்தின் பெயரும் ஒன்றாக அமைந்த ‘ஏசியா’ என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பின்னர் 1864இல் சாஃபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா என்று நுங்கம்பாக்கத்தின் கணக்கு ஐந்தாயிற்று.

புதிய சிறுகோளை அந்நாளில் எப்படிக் கண்டார்கள்? தொலைநோக்கியிலே பார்த்தாலும் சிறுகோள் ஒரு விண்மீனைப் போலவே தோன்றும். வட்டமாகவோ வளையத்தோடோ தோன்றாது. விண்மீன்கள் இடம் மாறாதவை. சிறுகோள் இடம் மாறும். இந்த ஒன்றே அதன் அடையாளம். வானத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள மங்கலான மீன்களையெல்லாம் கையால் படமாக வரைய வேண்டும். வேறோர் இரவு அதே பகுதியைப் பார்த்து, படத்தோடு ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று புதிதாக முளைத்திருந்தால், அதைப் பின்தொடர வேண்டும். நூறு இரவுகள் விழித்தாலும் ஒன்றும் அகப்படாமல் போகலாம்.

அப்புள்ளிகள் எவ்வளவு மங்கல் என்பதற்கும் போக்சனே ஓர் அளவுகோல் தந்தார். விண்மீன் ஒளியைத் தரம் பிரிக்கும் பழைய முறைக்கு 1856இல் அவர் கணித வடிவம் கொடுத்தார். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் ஒளி ஏறத்தாழ 2.512 மடங்கு வேறுபடும். ஐந்து தரங்களுக்குச் சரியாக 100 மடங்கு. வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி மீன் ஆறாம் தரம் என்றால், பதினோராம் தரத்துச் சிறுகோள் அதைவிட நூறு மடங்கு மங்கல். வானியல் பயிலும் மாணவர்கள் உலகெங்கும் இன்றும் கையாளுவது போக்சனின் இந்த விகிதத்தையே.

கண்டால் மட்டும் போதுமா?

இனித்தான் நம் வினாவின் முடிச்சு அவிழத் தொடங்குகிறது. ஒரு புள்ளியைக் கண்டுவிட்டால் அது கண்டுபிடிப்பாகிவிடுமா? ஆகாது.

இரவு நேரத்தில் சங்குமுகம் கடற்கரையில் நின்று கடலைப் பாருங்கள். தொலைவிலே மீன்பிடி படகுகளின் விளக்குகள் தெரியும. ஒரு விளக்கைக் காட்டி, “அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது? எந்தத் திசையில் போகிறது? நாளை இதே நேரம் எங்கிருக்கும்?” என்று கேட்டால் ஒரு பார்வையில் சொல்ல முடியுமா? சிறுகோளின் நிலையும் அதுவே. போதாக்குறைக்கு, பார்க்கும் நாமும் பூமி என்னும் படகிலே நகர்ந்துகொண்டிருக்கிறோம்!

பியாட்சி கண்ட சீரிசுக்கு நேர்ந்ததும் இதுதான். ஆறு வாரங்கள் அதைத் தொடர்ந்து பார்த்தார். பின்பு அது ஞாயிற்றின் ஒளியில் மறைந்தது. மறுபடி வெளிவரும்போது எங்கே தேடுவது என்று எவருக்கும் தெரியவில்லை. அவ்வேளையில் செருமனி நாட்டு இளைஞர் ஒருவர் அந்தச் சில அளவுகளைக் கொண்டே அதன் பாதையைக் கணித்துக் கொடுத்தார். அவர் சொன்ன இடத்தின் அருகிலேயே அவ்வாண்டின் இறுதி நாளன்று சீரிசு மீண்டும் அகப்பட்டது. அந்த இளைஞர்தாம் கணித மேதை காஸ். அப்போது அவருக்கு வயது 24. என்னைவிட ஓராண்டே மூத்தவர் என்று எண்ணும்போது எனக்கு வியப்பும் வெட்கமும் ஒருங்கே உண்டாகின்றன.

அக்கணக்கின் கருத்து எளிது. ஒரு சிறுகோளின் பாதையை முழுமையாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். ஒரு முறை பார்த்து இடத்தை அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். ஆகவே குறைந்தது மூன்று இரவுகளின் அளவுகள் தேவை. அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் பாதை எங்கோ போய்விடும். அதனால் மேன்மேலும் அளந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். எதைக் கொண்டு அளப்பது? பக்கத்திலுள்ள விண்மீன்களைக் கொண்டு. அந்த விண்மீன்களின் இடங்கள் முன்னமே துல்லியமாக அளந்து பட்டியலில் ஏறியிருக்க வேண்டும்.

1861இல் இதெல்லாம் எவ்வளவு அருமையான வேலை என்று நினைத்துப் பாருங்கள். இந்தியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் தந்திக் கம்பி 1865இல்தான் வந்தது. சூயசுக் கால்வாய் திறந்தது 1869இல். சென்னையிலிருந்து எழுதும் கடிதம் இங்கிலாந்தைச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் சிறுகோள் வேறிடம் போயிருக்கும். கண்டவரே தொடர்ந்து அளந்து வைத்தால்தான் அது தொலையாமல் நிற்கும்.

பெயரிடும் உரிமை

பாதையை அறிவதுதான் உண்மையான கண்டுபிடிப்பு என்பதால், பெயரிடும் முறையும் பாதையையே பின்பற்றுகிறது. இன்றைய வழக்கத்தில் மூன்று படிகள் உண்டு.

முதற்படி தற்காலிகக் குறியீடு. எடுத்துக்காட்டாக, ‘1988 டி கியூ 1’ என்ற குறியீட்டைக் கொள்வோம். 1988 என்பது ஆண்டு. ‘டி’ என்பது பிப்ரவரியின் பிற்பகுதி; ஒரு திங்களுக்கு இரண்டு எழுத்தாக ஆண்டைப் பிரித்துள்ளனர். ‘கியூ 1’ என்பது அந்த அரைத் திங்களுக்குள் அது எத்தனையாவது என்பதைச் சொல்லும். கணக்கிட்டால் 41 என வரும். பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் கையில் கட்டும் சீட்டைப் போன்றது இது.

இரண்டாம் படி நிலையான எண். ஒரு சிறுகோளைப் பல ஆண்டுகளில், பலமுறை பார்த்து, இனி எந்நாளும் தொலையாது என்னும் அளவுக்குப் பாதை உறுதியான பின்னரே எண் கிடைக்கும்.

மூன்றாம் படிதான் பெயர். எண் கிடைத்ததும், கண்டவருக்குப் பத்தாண்டுகள் வரை பெயரை முன்மொழியும் உரிமை உண்டு. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு ஒன்று அதை ஆய்ந்து ஏற்கும். பதினாறு உரோமன் எழுத்துகளுக்குள் பெயர் அடங்க வேண்டும். வாயால் ஒலிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். அரசியல், போர் ஆகியவற்றால் புகழ் பெற்றவராயின் அவர் மறைந்து நூறாண்டுகள் கழிய வேண்டும். வணிக விளம்பரத்துக்கு இடமில்லை. காசு கொடுத்துப் பெயர் வாங்கவும் இயலாது. எண் பெற்ற சிறுகோள்கள் இன்று ஏழு இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் பெயர் பெற்றவை ஒரு சிறு பகுதியே.

கண்டவர் பெயர் வைக்காமலே விட்டுவிட்டால்? அதற்கும் ஒரு தமிழ் எடுத்துக்காட்டு உண்டு. 1988இல் சப்பானியர் ஒருவர் கண்ட 4538ஆம் சிறுகோள் நெடுநாள் பெயரின்றிச் சுற்றிக்கொண்டிருந்தது. 2015இல் அதற்கு நம் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் பெயர், ‘விசியானந்த்’ என்று சூட்டப்பட்டது. முன்மொழிந்தவர் சிறுகோள் மையத்தைச் சேர்ந்த ஒரு சதுரங்க அன்பர்! அதற்கும் நெடுநாள் முன்பே 1958ஆம் எண்ணுள்ள சிறுகோள் ‘சந்திரா’ என்று பெயர் பெற்றிருந்தது. அது வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரைக் குறிப்பது.

பெயர் பெறாதவர்கள்

இப்போது நுங்கம்பாக்கத்துக்குத் திரும்புவோம். அந்த ஐந்துக்கும் ஏன் தமிழ்ப் பெயர் இல்லை? கண்டவர் ஆங்கிலேயர், அக்காலத்து வழக்கமோ கிரேக்க, உரோமானியக் கதைகளிலிருந்து பெண்பாற் பெயர் எடுப்பது. இது எளிய விடை. இதனோடு நின்றுவிட்டால் நாம் ஒன்றை மறந்தவர்களாவோம்.

போக்சனின் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதத்திலும் புதிய வானியலிலும் வல்லவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் இலண்டன் வேந்திய வானியல் கழகத்தில் உறுப்பினரானார். 1874இல் வெள்ளி ஞாயிற்றைக் கடந்தபோது, பொதுமக்களுக்கு விளங்கும்படி அதைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டார். 1880இல் மறைந்தார். ஒளி மாறும் விண்மீன்களுக்கு எழுத்தும் விண்மீன் குழுவின் பெயருமே இடுவது மரபு. ஆகையால் அவர் கண்ட மீன் அவர் பெயரைச் சுமக்கவில்லை.

போக்சனின் மகள் எலிசபெத் ஐசிசும் 1873 முதல் கால் நூற்றாண்டுக் காலம் அங்கே பணி செய்தார். ஆக்சுபோர்டில் தந்தை கண்ட 42ஆம் சிறுகோளின் பெயரும் ஐசிசுதான். சிறுவயதிலேயே வானத்தில் பெயர் பெற்ற அவரை 1886இல் வேந்திய வானியல் கழகத்துக்கு முன்மொழிந்தபோது, கழகத்தின் சாசனத்தில் ஆண்பாற் சொல்லே இருக்கிறது என்று மறுத்துவிட்டனர். 1920இல்தான் உறுப்பினராக ஏற்றனர். வானத்தில் பெயர் இருப்பதும் மண்ணில் மதிப்புக் கிடைப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவர்களுக்கும் அப்பால், இரவுதோறும் விண்மீன்களின் இடங்களை அளந்து ஏட்டிலே எழுதிய இந்திய உதவியாளர்கள் இருந்தனர். அத்தகைய அளவுகள் இல்லையேல் எந்தச் சிறுகோளுக்கும் பாதை இல்லை; பாதை இல்லையேல் பெயரும் இல்லை. பெயரைப் பார்த்து நாம் வருந்துகிறோம். அந்தப் பெயருக்கு அடியில் கிடக்கும் உழைப்பில் நம்மவர் பங்கு இருந்ததை அறியாமலிருக்கிறோம். எனக்கு இதுவே பெரிய குறையாகப் படுகிறது.

காவலூரில் விடிந்தது

சென்னையின் வானியற்பணி 1899இல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. வேரா கண்ட 1885க்குப் பின் நூறாண்டுக்கு மேல் இந்திய மண்ணிலிருந்து கண்ட சிறுகோள் எதுவும் எண்ணும் பெயரும் பெறவில்லை. பின்பு சவ்வாது மலையின் காவலூர் வான்நோக்ககத்தில், ‘கல்கி’ என்ற திட்டத்தின்கீழ், இரா. இராசமோகன் குழுவினர் சிறுகோள் தேடலில் இறங்கினர். 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் ஒரு சிறுகோள் அகப்பட்டது. மேலே நாம் பிரித்துப் பார்த்த ‘1988 டி கியூ 1’ அதுதான்! எண் 4130. பெயர் இராமானுஜன்.

வேரா கண்டுபிடிக்கப்பட்ட ஈராண்டுகளில், 1887இல், ஈரோட்டில் பிறந்தவர் இராமானுஜன். 1913இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவருடைய கணக்குகளைக் கண்டு, பல்கலைக்கழகம் உதவவேண்டும் என்று எழுதியவர்களுள் ஒருவர், அந்நாளில் இந்திய வான்நோக்ககங்களுக்குத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர். அதன் பயனாகத் திங்களுக்கு 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அம்மேதையின் பெயர் தமிழ்நாட்டு மலையிலிருந்து கண்ட சிறுகோளுக்கு அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இராசமோகன் அதே ஆண்டு சனவரியிலேயே வேறொரு சிறுகோளைக் கண்டிருந்தார். முன்னே கண்டது அதுதான். ஆனால் அதன் எண் 8348, பெயர் பட்டாச்சார்யா. முன்னே பிறந்தது பின்னே எண் பெற்றது ஏன்? எண் தருவது கண்ட நாளைப் பார்த்தன்று, பாதை உறுதியாவதைப் பார்த்து என்பதே காரணம்.

நாம் செய்யத் தக்கது

“இதெல்லாம் பெரிய தொலைநோக்கி உள்ளவர்களுக்கு, நமக்கென்ன?” என்று எண்ணவேண்டா. நம் பல்கலைக்கழகத்தின் வான்நோக்ககம் சுவாதித் திருநாள் மன்னர் 1837இல் நிறுவியது. ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். இத்தகைய மரபுள்ள நகரில் வந்து படிக்கிறோம். தென்காசியிலிருந்து வந்தவன் நான். நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிழைப்புக்கோ படிப்புக்கோ ஊர்விட்டு வந்தவர்களுக்கு வானம் மட்டும் மாறுவதில்லை.

இன்று பன்னாட்டு வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற அமைப்பு, ஹவாய்த் தீவின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை இணையம் வழியாக மாணவர் குழுக்களுக்குக் கட்டணமின்றித் தருகிறது. வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த படங்கள் அவை. கணிப்பொறியில் அவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து, நகரும் புள்ளியைக் கண்டு, அதன் இடத்தை அளந்து அனுப்புவதே வேலை. போக்சன் படம் வரைந்து செய்த அதே ஒப்பீடுதான். அனுப்பிய உடனே பெயர் வைக்கலாம் என்று கனவு காணவேண்டா. பாதை உறுதியாகப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் நாம் அளந்த எண், பாதையின் கணக்கிலே சேரும்.

நம் மன்றத்தில் இதற்கென ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று அமைப்போம் என்பது என் வேண்டுகோள். இயற்பியல் மாணவர்தாம் வரவேண்டும் என்பதில்லை. பொறுமையும் நேர்மையாகக் குறித்து வைக்கும் பழக்கமும் உடைய எவரும் வரலாம். குழுவின் பணியைத் தமிழிலே எழுதி வைப்போம். யார் எந்த நாளில் எதை அளந்தார் என்று ஒவ்வொருவர் பெயரையும் அதில் குறிப்போம். சேர விரும்புவோர் அடுத்த கூட்டத்துக்கு முன் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.